நீலக் கேன்

"ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம நிக்க முடியுமா உன்னால?" என்று எங்கள் மகளிர் சங்கத்து யூனிஸ் அக்கா என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

அது 1993. பெல்கிரேட் என்ற ஊரில் பெண்கள் புதன்கிழமைதோறும் கருப்பு உடுத்தி, போர் வேண்டாம் என்று பேசாமல் நிற்கிறார்களாம். அவர்களுக்குத் துணையாக நாங்களும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிற்பதென்று முடிவு. அம்மாவிடம் தையல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். தெரிந்தால் அத்தோடு சங்கம் போச்சு. வீட்டை விட்டால் எனக்கிருந்த ஒரே இடம் அது.

நாலு மணிக்கு மதில் ஓரமாக ஆறு பேர் வரிசையாக நின்றோம். முன்னால் 'போர் வேண்டாம்' என்று எழுதிய அட்டையோடு அக்கா, கடைசியில் நான். பத்து நிமிடத்தில் என் பின்னால் டங்கென்று ஒரு டின் இறங்கியது. பூக்காரி பச்சையம்மா.

"கிருஷ்ணாயில் எப்போ ஊத்துவாங்க?"

பேசக் கூடாதே. விழித்தேன்.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

டின்னோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த நாளில் பெண்கள் வரிசையாக நின்றால் அது மண்ணெண்ணெய்க்குத்தான். கால் மணியில் பதினெட்டுப் பேர். ஒருத்தி டின்னை மட்டும் வைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துவரப் போனாள். டின் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். முன்னால் அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் நீலக் கேனோடு அம்மா வந்தாள்.

"தையல் கிளாஸ்னு சொல்லிட்டு, கருப்பக் கட்டிக்கினு இங்க இன்னாடி பண்றே? நட வூட்டுக்கு!" என்று என் கையைப் பிடித்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இது கிருஷ்ணாயில் லைன் இல்லம்மா. தூரத்துல சண்டை நடக்குது. பொம்பளைங்களச் சீரழிக்கறாங்க. வேணாம்னு அங்க பொம்பளைங்க நிக்கறாங்க. அவங்க தனியா இல்லன்னு காட்ட நாங்க நிக்கறோம். நான் வரமாட்டேன்."

அத்தனை பேர் கேட்க நான் பேசியது அதுதான் முதல்முறை.

"அப்ப கிருஷ்ணாயில் இல்லியா?" என்றாள் பச்சையம்மா.

"இல்லக்கா."

"எத்தினி மணி வரைக்கும் நிக்கணும்?"

"அஞ்சு."

சிலர் முனகிக்கொண்டே டின்னை எடுத்தார்கள். பச்சையம்மா எடுக்கவில்லை. "வூட்டுக்குப் போனா அந்தாளு மூஞ்சியத்தான பாக்கணும்? நிக்கறேன்."

ஒரே சிரிப்பு. பதினோரு பேர் நின்றுவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அம்மா மட்டும் என் கையை விடவில்லை. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தாள்; அப்பா வேலை முடிந்து வருகிற நேரம். என்னைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். பச்சையம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட, நீலக் கேனை என் பக்கத்தில் வரிசை கோணாமல் நிறுத்தி வைத்தாள்.

ஒரு வார்த்தை பேசாமல் இரும்புலியூர்ப் பக்கம், வீட்டைப் பார்க்க நடந்து போனாள்.