அக்கா வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன்

அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வார்டன். நால்வரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மூளை வளர்ச்சி குறைவு என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் எழுதியதை யாரால் படிக்க முடிகிறது? அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவருக்குச் சரியண்ணன் என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் "சரி" என்பார். பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கும் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 'மாட்டேன்' என்ற சொல் மட்டும் அவருக்கு மெதுவாகத்தான் வரும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் போய்விட்டிருப்பார்.

அதனால்தான் அவருடைய அக்கா போனில், "இனிமே என்கூடவே வந்து இருந்துடு தம்பி" என்று கேட்டதும் "சரி" என்று சொல்லித் தொலைத்தார். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பேக்கரி, தன் அறை, சாயங்காலம் மற்ற மூவரோடு ஆடும் கேரம் எல்லாம் போய்விடும். அக்கா என்றால் அவருக்கு உயிர். அவளிடம் போய் எப்படி மறுப்பது? பக்கத்து அறை ஆபீசரம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதார்.

ஆபீசரம்மாவும் அந்த நால்வரில் ஒருவர்தான். வருடா வருடம் வீட்டைச் சோதிக்க வரும் அதிகாரியின் வாலைப் பிடித்துக்கொண்டே சுற்றியதில், படிவத்துக் கேள்விகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டைச் சோதிக்காமல் யாரும் குடிபோகக் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை சரியண்ணனும் ஆபீசரம்மாவும் வார்டனோடு அக்கா வீட்டுக்குப் போனார்கள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஆபீசரம்மா நோட்டைத் திறந்தார். பிரிட்ஜைத் திறந்து பாலை முகர்ந்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தவர், திறக்க வராமல் கால் மணி நேரம் உள்ளேயே கிடந்தார். வெளியே வந்ததும் அதற்கு ஒரு பெருக்கல் குறி. வார்டன் சங்கடத்தில் நெளிந்தார்; அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

தம்பிக்கென்று ஓர் அறைக்குப் புதிதாக நீலச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். சரியண்ணன் அந்தச் சுவரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இங்க அவருக்கு என்ன வேலை?" என்று ஆபீசரம்மா கேட்டார்.

"ஒரு வேலையும் கிடையாது. ராஜா மாதிரி உக்காந்து சாப்பிடட்டும்."

அதற்குப் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

கடைசிக் கேள்வியைத் தனியாகத்தான் கேட்க வேண்டுமாம். அக்காவையும் வார்டனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். "இங்க இருக்க இஷ்டமா?"

சரியண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். ஆபீசரம்மா அவசரப்படுத்தவில்லை, நோட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் போல அத்தனை நேரம் யாரும் சரியண்ணனுக்காகக் காத்திருந்ததில்லை.

"இல்ல" என்றார் கடைசியில். சொன்ன சூட்டோடு கதவைத் திறந்து அக்காவிடம் போனார். "அக்கா, நான் வரல. எனக்கு அங்கதான் வீடு."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் ஆபீசரம்மாவின் வேலை முடியவில்லை. வீட்டில் இருக்கும் எல்லோரையும் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். அக்காவை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

வெளியே சரியண்ணன் தவித்துப்போனார். அக்கா இனி பேசவே மாட்டாளோ என்று பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பதில் ரகசியம்தான். ஆனால் ஆபீசரம்மாவின் வாயில் ரகசியம் தங்கியதே இல்லை.

"அக்காவுக்கும் இங்க இருக்க இஷ்டம் இல்லையாம். மாமா போனதுக்கப்புறம் பேச ஒரு ஆளு இல்லையாம்."

பின்னாலேயே கண்களைத் துடைத்தபடி அக்கா வந்தாள். சரியண்ணன் திகைத்து நின்றார். தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் கூப்பிடுகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அவள் தனியாகக் கிடக்கிறாள் என்று தோன்றவே இல்லையே என வெட்கமாக இருந்தது. போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வா. எல்லா ஞாயித்துக்கிழமையும் வா. நான் சமைச்சுப் போடறேன்."

"சரி" என்று அக்கா தலையை ஆட்டினாள்.