ஒரு கேள்வி கேக்கலாமோ, மிஸ்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். இது ஓர் அரட்டை அறையிலிருந்து வந்தது. சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்கும் அறை. கேட்கிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பதில் சொல்கிறவர்கள் நாலு பேராக இருந்தார்கள். ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது, ஒருவர் கனடா போனார், ஒருவர் ஒன்றும் சொல்லாமலே காணாமல் போனார். மிச்சம் மக்டலின்.

மக்டலின் நான் இல்லை. இதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். "மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த போட்டோக்கொப்பிக் கடைக்குள் கடற்காற்று" — கடற்காற்று என்ன செய்தது? மன்னாரில் காற்றடித்தது என்று சொல்ல ஓர் எழுத்தாளர் வேண்டுமா? வெட்டினேன். "தெருவில் ஒரு கழுதை" — அதையும் வெட்டினேன்.*

"மக்டலினுக்குக் களைப்பாக இருந்தது." இது நிற்கட்டும். இதற்கு மேல் நல்ல தொடக்கம் எனக்கு வரப்போவதில்லை.

* கழுதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். கடை வாசலில் இரண்டு நிற்கின்றன. கதைக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

2

மக்டலினுக்கு முப்பத்தொன்பது வயது. ஊர் ஓலைத்தொடுவாய். ஐந்து வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே ஒரு கல்லூரியில் கணினி படித்தவள். திரும்பி வந்தபோது வேலை கேட்டுச் சான்றிதழைக் கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிந்தாள். எல்லோரும் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். "இது எங்கத்தைய படிப்பு, பிள்ளை?" என்றார்கள். கடைசியில் அந்தச் சான்றிதழைப் பிரதியெடுக்கப் போன கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். (இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படித்தான்.)

பிரதி எடுக்கும் இடைவெளியில் தொலைபேசியில் அந்த அறை. அவளுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது, "மிஸ், மிஸ்" என்பார்கள். கடையில் அவளை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் ஆறு வருடமாக ஒரே ஏழெட்டுக் கேள்விகள். ஆட்கள்தான் மாறினார்கள். அதிலும் அவளுக்கு எரிச்சல் மூட்டியது கேள்விகூட இல்லை, கேள்விக்கு முன்னால் வருவது. "வணக்கம், ஒரு கேள்வி கேக்கலாமோ?" என்று போட்டுவிட்டு ஆள் பேசாமல் இருக்கும். இவள் "ஓம்" என்று எழுத வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் கழித்து அது "நன்றி மிஸ்" என்று எழுதும். கேள்வி அதற்கும் பிறகு வரும்.

ஆகவே ஒரு நாள் விதி ஒன்று எழுதி அறையின் நெற்றியில் ஒட்டினாள். எழுதினாள் என்றா சொன்னேன்? வெளிநாட்டு அறை ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் அப்படியே எடுத்துப் போட்டாள். கேட்கலாமா என்று கேட்காதே, நேரே கேள், அப்படிக் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. இதுதான் விதி ஒன்று. தமிழில் சந்தேகம் கேட்கும் அறைக்கு ஆங்கிலத்தில் விதி. மொழிபெயர்க்க நினைத்திருந்தாள். அன்றைக்குக் களைப்பாக இருந்தது.

3

யசோதா ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் வந்தாள். புதிதாக வருகிறவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இப்படி எழுதினாள்:

"நான் யசோதா, நறுவிலிக்குளம். வயலில கூலி வேலை. பயிற்சி நிலையத்தில கணினி படிக்கிறன். வாற வெள்ளிக்கிழமை செய்முறைச் சோதனை. பாஸ் பண்ணினா ஒரு கந்தோரில பயிற்சிக்கு எடுப்பினம். இல்லாட்டித் திரும்ப வயல்தான்."

திங்கட்கிழமை காலை: "வணக்கம் மிஸ். ஒரு கேள்வி கேக்கலாமோ?"

மக்டலின் பார்த்தாள். விதி ஒன்று. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

செவ்வாய்: "வணக்கம் மிஸ். நேற்றும் வந்தனான். நேரம் இருக்கேக்க சொல்லுங்கோ."

புதன்: "வணக்கம் மிஸ். அவசரம் இல்லை. படிப்பிக்கிற சேர் லீவு, அதுதான்."

வெள்ளிக்கிழமை சோதனையை வைத்துக்கொண்டு அவசரம் இல்லை என்கிறாள். கடையில் கூட வேலை செய்யும் பெற்றிசியா அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, அந்தப் பெட்டைக்கு ஒரு ஓம் போட்டா உனக்குக் கை நோகுமே?"

"விதி எண்டா விதி அக்கா. ஒருத்திக்கு விட்டுக்குடுத்தா ஆயிரம் பேரும் வாசலில நிப்பினம்."

"அவள் நிக்கிறாளே, பாவம்."

"கேள்வியை நேர கேட்டா முடிஞ்சுது. ஆர் வேண்டாமெண்டது?"

இந்த இடத்தில் நான் மக்டலினை நல்லவளாக்கப் பார்த்தேன். தொலைபேசியில் சார்ஜ் இல்லை என்று ஒரு வரைவு. கரண்ட் நின்றுவிட்டது என்று இன்னொன்று. "வியாழக்கிழமை கடையில் சனம் முட்டி வழிந்ததால் அவளால்" — பச்சைப் பொய். வியாழக்கிழமை சார்ஜ் அறுபத்திரண்டு வீதம் இருந்தது, கடை காலியாகக் கிடந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

வியாழன்: "வணக்கம் மிஸ்." அவ்வளவுதான். அதையும் பார்த்தாள்.

(யசோதா ஏன் நேரே கேட்கவில்லை? கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குக் கோபம் வரும், எனக்கும் வந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. அவளுடைய அப்பா தோட்டத்துக் கந்தோர் வாசலில் நின்றிருப்பார், பிறகு இங்கே வயற்காரர் வீட்டுப் படலை வாசலில் நின்றிருப்பார், கதிரையில் இருப்பவர் தலை நிமிர்ந்து "என்ன?" என்று கேட்கும்வரை. அவளும் அப்படி நின்று பழகியிருப்பாள். இது என் ஊகம், அவள் சொல்லவில்லை. ஆனால் மக்டலினைப் பற்றி ஊகிக்க வேண்டியதில்லை. முகாமில் கணக்கெடுப்பு நாளில் பெயர் கூப்பிடும் முன் ஓர் அடி முன்னால் வைத்தால் "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று ஏச்சு விழும். இருபது வருடத்துக்கு மேல் அந்த வரிசையில் நின்றவள். வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அட, எப்படித்தான் மறந்தாளோ!)

4

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு யசோதா மறுபடி எழுதினாள். இந்த முறை வணக்கம் இல்லை, அனுமதி கேட்கவுமில்லை.

"சோதனை முடிஞ்சுது மிஸ். பெயிலாகிப் போனன். திங்கட்கிழமை கேக்க வந்ததும் இதுதான், இனிப் பிரயோசனம் இல்லை. எண்டாலும் எங்க பிழைச்சதெண்டு அறிய ஆசையா இருக்கு."

கூடவே கோடு போட்ட கொப்பிப் பக்கம் ஒன்றின் படம். வீட்டில் கணினி இல்லாததால் நிரலைக் கையால் எழுதியிருந்தாள், சாய்வில்லாத சின்ன எழுத்து. ஓர் எண்ணை வாங்கி அது ஒற்றையா இரட்டையா என்று சொல்லும் நிரல். எல்லாம் சரி. எண்ணை வாங்கும் வரியில் மட்டும், அதை வைக்கும் இடத்தின் பெயருக்கு முன்னால் & என்ற குறி இல்லை. அது இல்லாவிட்டால் நிரல் எண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்த வரியிலேயே விழுந்து செத்துவிடும். பழகுகிறவர்கள் எல்லோரும் விடுகிற பிழை. மக்டலின் நித்திரையிலும் திருத்துவாள்.

பதிலாக ஒரே ஒரு குறியை அனுப்பினாள், எங்கே போடவேண்டும் என்று காட்டி.

அவளுடைய பதில் வந்தது.

"இவ்வளவுதானோ, மிஸ்?"

மக்டலின் கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். பெற்றிசியா அக்கா கூப்பிட்டும் வரவில்லை.

5

முடிவுகள். எழுதியவற்றையெல்லாம் காட்டிவிடுகிறேன், ஒளித்து என்ன காண?

(அ) மக்டலின் பஸ் ஏறி நறுவிலிக்குளம் போகிறாள். வயல் வரம்பில் யசோதாவைக் கண்டு — கண்டு என்ன சொல்வாள்? மூன்று நாள் யோசித்தேன். அவள் வாயில் ஒரு வசனமும் வரவில்லை. பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

(ஆ) பயிற்சி நிலையம் மறுபடி ஒரு சோதனை வைக்கிறது. யசோதா தேறுகிறாள், கந்தோர் கதிரையில் இருக்கிறாள், வாசலில் நிற்பவரைப் பார்த்து உடனே தலை நிமிர்கிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. அப்படி மறுசோதனை ஒன்றும் அறிவிக்கப்படவில்லை.

(இ) மக்டலின் விதி ஒன்றைக் கழற்றி எறிகிறாள். இது நடந்தது. இப்போது யார் "கேக்கலாமோ" என்றாலும் "ஓம், கேளுங்கோ" என்று எழுதுகிறாள். களைப்பு மட்டும் போகவில்லை, அது கூடியிருக்கிறது. ஆனால் இது முடிவாகாது. யசோதாவுக்கு இதனால் என்ன வந்தது?

6

யசோதா அறையை விட்டுப் போகவில்லை. பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது. அவளுக்குத் தனியாக ஒரு செய்தி எழுத மக்டலின் நாலு நாள் எடுத்தாள். நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினாள், அழித்தாள். விதி எப்படி வந்தது என்று விளக்கி எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் ஒரு வரி அனுப்பினேன்.

அனுப்பினாள்.

சரி, விடுங்கோ. நான்தான். மூன்றாம் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பியிருக்கிறேன் என்று பார்த்தேன். "வணக்கம் யசோதா. ஒண்டு கேக்கலாமோ?"

அவள் பார்த்துவிட்டாள் என்று தொலைபேசி காட்டுகிறது. இன்றைக்குப் பதினொரு நாள்.

"நேர மன்னிப்பைக் கேளன், பிள்ளை," என்கிறார் பெற்றிசியா அக்கா. "அந்த விதியை நீதானே போட்டனீ."

"ஏலாது அக்கா. அவ ஓம் சொல்லோணும்."

"சொல்லாட்டி?"

வயலில் வேலை நடக்கும் காலம், அவளுக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். நேரம் இருந்தும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். அப்படி வைக்க அவளுக்கு உரிமை உண்டு.

முடிவை உங்கள் கையில் தந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன், இப்படியான கதைகளில் அதுதான் வழக்கம். ஆனால் தர என்னிடம் இல்லை. அது நறுவிலிக்குளத்தில் அவளிடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வாசித்து வந்துவிட்டீர்கள், நீங்களும் என்னோடு கொஞ்சம் நில்லுங்கோ.