சொல்லாவிட்டால் நல்ல தண்ணீர்

அலி அக்பரின் போன் வந்தபோது மணி பத்து இருபது.

“நர்மதாம்மா, சுடுதண்ணிய தொறந்து வுட்டானுங்க. பாலத்தாண்ட ஆவி கெளம்புது. சொல்லிடு.”

“சரி பாய்.”

ஆற்றின் அக்கரையில், அனல்மின் ஆலையின் வாய்க்கால் வந்து விழும் இடத்தில், அவருக்கு டீக்கடை. ஆலை நேரம் காலம் பார்த்துத் திறப்பதில்லை. திறந்ததும் அவர் போன் செய்வார். எண்ணூர் வட்டாரத்து ரேடியோ நிலையத்தில் நர்மதா பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்வாள். சூடு நெட்டுக்குப்பம் வந்து சேர அரை மணி ஆகும். அதற்குள் ஆற்றில் இறங்கியிருக்கும் குப்பத்துப் பெண்கள் கரையேறிவிடுவார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ரேடியோவை மட்டும் பாலிதீன் பையில் போட்டு, சேற்றில் நட்ட கழியில் தொங்கவிடுவார்கள்.

ஆறு வருடமாக இதுதான் ஏற்பாடு. ஆரம்பத்தில் நர்மதா ஒரு நாள் விடாமல் தண்ணீர் நிலவரம் சொன்னாள். அந்தப் பெண்களில் ஒருத்தியான முத்தம்மாவுக்கு அலுத்துவிட்டது.

“நல்லாகீது நல்லாகீதுன்னு தெனமும் இன்னாத்துக்குடி ஒப்பாரி வெக்கிற? கெட்டா சொல்லு. இல்லாங்காட்டி பாட்டு போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். நர்மதாவும் சிரித்தாள். அன்றிலிருந்து, சொல்லாவிட்டால் நல்ல தண்ணீர்.

போன மாதம் டிரான்ஸ்மிட்டர் பழுதானது. நிலையத்தை நடத்திவந்த சங்கத்தால் மாற்ற முடியவில்லை. மாதவரத்து விளம்பரக் கம்பெனி ஒன்று மாற்றிக் கொடுத்தது. நிலையத்தையும் எடுத்துக்கொண்டது. நர்மதாவின் வேலை போகவில்லை. காலையில் ராசிபலன் படித்தாள். மற்றதெல்லாம் மாதவரத்திலிருந்து வந்தது. நிலையம் கைமாறிய இந்தப் பதினைந்து நாளாக ஆலை திறக்கவில்லை. ஆபத்து என்றால் மைக்கைத் தருவார்கள் என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். குப்பத்திலும் சொல்லவில்லை.

கண்ணாடி அறையில் விமல் இருந்தான். கம்பெனி அனுப்பிய மேலாளர்.

“மைக்கத் தொறங்க. ஒரு நிமிஷம் போதும்.”

“பன்னெண்டு மணி வரைக்கும் மனை விளம்பரம் மேடம். நடுவுல வெட்டக் கூடாது.”

“தண்ணில ஆளுங்க இருக்காங்க விமல்.”

அவன் முகம் மாறியது. “இங்கருந்து தொறக்க முடியாது. மாதவரத்துலதான் தொறக்கணும்.” எண்ணை அழுத்தினான். மணி போனது. மறுபடி அழுத்தினான். “மீட்டிங்ல இருப்பாங்க.”

அவள் முத்தம்மாவின் எண்ணுக்கு அடித்தாள். யாருமில்லாத வீட்டில் அது முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவளோடு இறங்கும் டெபோராவின் எண்ணும் அப்படியே. அலி அக்பர் எடுத்தார். “இங்கருந்து கத்துனா கேக்காதும்மா,” என்றார். “இன்னாம்மா, ரேடியோல சொல்லலியா?”

கீழே இறங்கி ஆட்டோ பிடித்தாள். எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர், நல்ல காற்று, முதலில் வருபவர்களுக்கு மூலை மனை. அவள் நிலையம்தான்.

“நிறுத்தவா மேடம்?”

“வேணாம்.” மாதவரத்தில் யாராவது போனை எடுத்திருக்கலாம். விமல் சொல்லிவிடலாம். விளம்பரம் முடியும்வரை கேட்டாள். அடுத்தது தொடங்கியது. இறங்கி ஓடினாள்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று பத்து. டெபோராவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முத்தம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். சேலைக்கு வெளியே தெரிந்த காலெல்லாம் தோல் சுருண்டிருந்தது. ஒருத்தி குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல லேசாத்தான் சுட்டுச்சு,” என்றாள் முத்தம்மா. “வெயிலுன்னு நெனச்சேன். டெபோரா ஏறிடலாம்னா. நான்தான், நர்மதா ஒண்ணியும் சொல்லல, குந்துடின்னேன். அப்பால சேத்துலருந்து கால புடுங்க முடியல.”

நர்மதா அவள் முன்னால் மண்டியிட்டாள்.

“போன் கெட்டுப்போச்சா? பாய் சொல்லலியா?”

“சொன்னாரு.”

குடம் நின்றது.

“எனக்குத் தெரியும்க்கா. சொல்ல வுடல. ரேடியோ இப்ப நம்முளுது இல்ல. பதினஞ்சு நாளாச்சு.”

“பதினஞ்சு நாளா எறங்கிக்கினு கீறோமேடி.” முத்தம்மா கோபப்படவில்லை. கணக்கு விளங்காதவள்போல் பார்த்தாள். “செரி, நாளைக்குச் சொல்லுவ இல்ல?”

“மாட்டேன். ரேடியோ சும்மா இருந்தா தண்ணி நல்லாகீதுன்னு இனிமே நெனைக்காதீங்க. அதுல இன்னா வந்தாலும் நம்பாதீங்க.”

“அப்ப எத்த நம்பி எறங்குறது?”

நர்மதா குடத்தை வாங்கி அவள் காலில் ஊற்றினாள்.

ஆற்றுக்கு நடுவே கழியில் பாலிதீன் பை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மூலை மனை இன்னும் மூன்றுதான் மிச்சம் என்றது ரேடியோ. தண்ணீர் ஆறும்வரை யாரும் அங்கே போய் அதை நிறுத்த முடியாது.