சகலை பேசிய சீனம்

ஜெர்மன் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்ததால் தெருவில் அவருக்கு 'ஜெர்மன்காரர்' என்றே பெயர். வேன் ஓட்டியது அவருடைய சகலை, மனைவியின் அக்கா கணவர். ஒருவர் பேச, ஒருவர் ஓட்ட, வருடக்கணக்கில் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான்.

பிறகு காற்று மாறியது. சுற்றுலாத் துறை வருடாவருடம் வெளியிடும் கணக்கில் ஜெர்மன்காரர்கள் தேய்ந்துகொண்டே போனார்கள். சீனர்கள் மளமளவென்று ஏறினார்கள். செருப்புக்கடைப் பலகையில்கூடச் சீன எழுத்து வந்துவிட்டது.

"அண்ணே, நாமளும் சீனம் கத்துக்கிட்டா என்ன? கிளாஸ் ஒண்ணு திறந்திருக்காங்களாம்" என்றார் ஜெர்மன்காரர்.

சகலை வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வயசுலயா? நாக்கு சுளுக்கிக்கும் தம்பி. போனவன் திரும்பி வருவான். எல்லாம் ஏத்த இறக்கம்தான். நீ இருக்கறதைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார்.

அடுத்த சீசனில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு முதிய தம்பதி. அவர்கள் வரும் நாள் காலையில் சகலை போன் செய்து, பிரேக் சரியில்லை, வேன் பட்டறையில் நிற்கிறது என்றார். ஜெர்மன்காரர் வாடகைக் கார் பிடித்து விமான நிலையம் போனார்.

வாசலில் அந்த வேன் நின்றிருந்தது. பக்கவாட்டில் பளபளவென்று சீன எழுத்து. பக்கத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே சகலை கையை ஆட்டி ஆட்டிச் சீனத்தில் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்நிய மொழியில் ஒருவரைச் சிரிக்க வைக்க எத்தனை காலம் பிடிக்கும் என்பது ஜெர்மன்காரருக்குத் தெரியும்.

சகலை அவரைப் பார்த்துவிட்டார். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் தம்பி..."

"பிரேக் நல்லாத்தான் பிடிக்குது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெர்மன்காரர் உள்ளே போனார்.

வீட்டில் மனைவியிடம் குமுறித் தீர்த்தார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஓட்டறதும் பேசறதும் ஒரே ஆளா இருந்தா ஏஜென்சிக்காரங்க அந்த ஆளைத்தான் கூப்பிடுவாங்களாம். நீங்களும் படிச்சா போட்டியாயிடும்னு மாமா பயந்தாராம். சொல்லவேணாம்னு அக்கா சத்தியம் வாங்கிக்கிட்டா."

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அவர் கிளாஸ்ல சேர்ந்த அன்னிக்கே."

சகலை மேல் இருந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. ஜெர்மன் குழுக்கள் ஒவ்வொன்றாக ரத்தானபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "கவலைப்படாதீங்க, திரும்ப வருவாங்க" என்று தோளைத் தடவியவள் இவள்தானே.

இப்போது அவரும் சீன வகுப்புக்குப் போகிறார். மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேச்சு. அக்காவிடமிருந்து போன் வந்தால் அவள் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவள் உள்ளே வரும்வரை ஒரு எழுத்தும் மனதில் ஏறுவதுமில்லை.