பத்துக்கு எத்தனை வலி?

ஆறு வாரமாக சைனப் ஒரு நாள் தவறாமல் இடது காதில் ஒரு சின்ன மெஷினின் கிளிப்பை மாட்டிக்கொண்டாள். காதோரம் ஓடும் நரம்பை லேசான மின்சாரத்தால் தூண்டினால் உடம்பின் அழற்சி அடங்குமா என்று மும்பை செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிறார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. முடக்குவாதத்தில் வீங்கிய விரல்கள் இப்போதுதான் தாராவிப் பட்டறையில் தோல் பைக்கு ஜிப் தைக்கும் அளவுக்கு மடங்கத் தொடங்கியிருந்தன. அப்போது பார்த்து மெஷினைத் திருப்பிக் கேட்டார்கள்.

“மாட்டுறதுக்கு முன்னாடியே உங்க வலி சைபர்னு இருக்கு. அப்புறம் குறைஞ்சுதான்னு எதை வெச்சும்மா சொல்றது?” என்றார் டாக்டரம்மா.

சைனபுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைபரா?

எழுதியது நர்ஸ் ஜெனிஃபர். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மெஷின் கொடுப்பதற்கு முன்பிருந்தே வாராவாரம் போன் போட்டு, “வலி எப்படிக்கா இருக்கு?” என்பாள். “அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்” என்பாள் சைனப். அவள் சைபர் என்று எழுதிக்கொள்வாள். அல்லாஹ் தந்த உடம்பைப் பற்றிக் குறை சொல்லாமல் வளர்ந்த வாய், விரல் ஒடிகிற மாதிரி வலித்தாலும் அதையேதான் சொல்லும். நல்ல வாய் போங்கள்!

“இப்பக் கேளு, ஜெனி,” என்றாள் சைனப், டாக்டரம்மா பக்கத்தில் நின்ற ஜெனிஃபரிடம்.

“பத்துக்கு எத்தனைக்கா?”

“இப்ப நாலு. மாட்டுறதுக்கு முந்தி ஒம்போது. குழாயத் தொறக்க ஏலாம நின்னு அழுதிருக்கேன்.”

பக்கத்தில் இருந்த கணவர் கரீம் பாட்சாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“நீங்க கேட்டாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன்.” சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் கோபம் பொங்கியது.

டாக்டரம்மா யோசித்தார். “எழுதினதை மாத்த முடியாது. நாலு வாரம் மெஷின் இல்லாம இருந்தா முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். ஆனா வலி திரும்பி வரும். தாங்குவீங்களா?”

“வரட்டும் டாக்டர். வந்தா வந்துட்டுன்னு சொல்லுதேன்.” கிளிப்பைச் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள்.

வலி சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாம் வாரம் ஜெனிஃபரின் போன் வந்தபோது கத்தரிக்கோல்கூடப் பிடிக்க முடியவில்லை. பட்டறை நிறைய ஆட்கள். கரீம் பாட்சா தன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

“வலி எப்படிக்கா இருக்கு?”

வழக்கமான ‘நல்லா இருக்கேன்’ நாக்கு நுனிவரை வந்தது; சைனப் அதை அங்கேயே நிறுத்தினாள்.

“எட்டு,” என்றாள், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. “எட்டுன்னே எழுது.”