அத்தானின் வலது கால்

அக்காள் புருஷனின் பழைய டீசல் பிக்கப்பில் எக்ஸாஸ்ட் பிரேக்கை நான்காவது முறையாகக் கழற்றி மாட்டியிருந்தான் மெக்கானிக். சுவிட்சைத் தட்டினால் ஒரு தகடு புகைக்குழாயை அடைக்கும். எஞ்சின் மூச்சுத் திணறி, இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும். மெக்கானிக் ஓட்டினால் பிடித்தது. அத்தான் ஓட்டினால் பிடிக்கவில்லை.

அத்தான் முப்பது வருட அனுபவசாலி. அதை அவரே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். மச்சானுக்கு வேலை தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னதில், இரண்டு லாரிக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

இந்த முறை மெக்கானிக்கும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான். இறக்கத்தில் அத்தான் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா மச்சான், உன் கைராசியை!"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். அத்தானின் புது பூட்ஸ் ஆக்சிலேட்டர் மேல் ஜம்மென்று சாய்ந்திருந்தது.

"காலை எடுங்க அத்தான். அதை மிதிச்சா பிரேக் விட்டுடும்னு முதல் நாளே சொன்னேன்ல?"

"எடுத்தா வேகம் குறைஞ்சிடுமேடா!"

"அதுக்குத்தானே அத்தான் பிரேக்கு!"

பெரிய மனது பண்ணி அத்தான் காலைத் தூக்கினார். எஞ்சின் உறுமியது, வண்டி சாதுவாக இறங்கியது.

"அந்த லாரிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றான் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்பவே சொல்றேன்." கீழே வண்டியை நிறுத்தி அத்தான் போனை எடுத்தார். "அண்ணே, பிரேக்கு சரியாயிடுச்சு. மச்சான் நாலு தடவை கழட்டியும் கண்டுபிடிக்கல. நான் சீட்டுல உட்கார்ந்தபடியே கண்டுபிடிச்சிட்டேன்!"