கூடத்து விளக்கும் நானேயின் வயிறும்

கூடத்து விளக்கை மாற்றிய ஞாயிற்றுக்கிழமை மாலையிலிருந்து, சுவிட்சை அணைத்தால் செருப்புக்கடை மேனேஜரின் வயிற்றுக்குள் விளக்கு எரிந்தது. பிரமாதமான வெளிச்சம் ஒன்றும் இல்லை, கழிவறையில் மாட்டுகிற மஞ்சள் பல்பு அளவுக்குத்தான். ஆனால் அது தோல், கொழுப்பு, பனியன், சட்டை எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்ததால், அன்று அவர் என்னென்ன விழுங்கியிருக்கிறார் என்பது கண்ணாடி அலமாரியில் வைத்த மாதிரி தெரிந்தது. ஒரு தடவை பார்த்தவர்கள் மறு தடவை பார்க்க விரும்பவில்லை. தெருவில் யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. “கருமம், ஜன்னல்ல திரையைப் போடச் சொல்லுங்க” என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதோடு சரி.

அந்த மேனேஜருக்குத் தெருவில் ‘நானே’ என்று பெயர். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் ‘ஆள் எதுக்கு, நானே பாத்துக்கறேன்’ என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவர் பார்த்துக்கொண்ட குழாய் இன்றைக்கும் ஒழுகுகிறது. அவர் பார்த்துக்கொண்ட கதவை ஒரு உதை விட்டால்தான் திறக்கும். தன் வேலையின் லட்சணம் இப்படியிருக்க, அடுத்தவர் வேலையில் நொட்டை சொல்வதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அதிலும் மனைவியின் சமையல் என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு வாய் வைப்பார், முகத்தைச் சுளிப்பார், தட்டைத் தள்ளிவிட்டு, “இதை மனுஷன் திம்பானா?” என்று எழுந்து போவார். அந்தப் பெண் உப்பைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். அரிசியை மாற்றினாள், பாத்திரத்தை மாற்றினாள், அடுப்பையே மாற்றினாள். அவர் முகச்சுளிப்பு மாறவில்லை. கடைசியில், தன் கையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம்பிவிட்டாள். விருந்தாளி வந்தால் கடையில் வாங்கி வைப்பாள். தன் சமையலை ருசி பார்க்காமல், மருந்து மாதிரி நின்றபடியே விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவுவாள். ஒரு மனுஷியை இப்படியா ஆக்குவது!

அவள் தங்கை பஸ் டிப்போ வாசலில் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, நேரே அக்காவிடம் வந்தாள். “நீ வந்து அடுப்படியைப் பாத்துக்கக்கா. கடையில பாதி உனக்கு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லன்னா வெளியாளைப் போட்டாகணும்” என்றாள். அக்காவுக்குப் போக வேண்டும் என்று உயிர் துடித்தது. தனக்கென்று ஒரு அடுப்பு, தனக்கென்று ஒரு சாவி, இதைத் தவிர அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனாலும், “வேணாம்டி, உன் கடையை நான் கெடுத்துருவேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தங்கை போனபின் வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள். தேவைக்கு மேலேயே நறுக்கினாள்.

இந்த நிலையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, நானே விளக்கை மாற்ற ஸ்டூல் மேல் ஏறினார். பழைய விளக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் வருஷக்கணக்காக விழுந்து செத்த பூச்சிகள் அடை மாதிரி படிந்திருந்தன. அதைச் சாய்க்காமல் இறக்கத் தெரியாமல் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டார். பாதி வாய்க்குள் போயிற்று. தூ தூ என்று கூடம் பூராவும் துப்பினார், துடைக்கவில்லை. கூரை ஓட்டையில் கம்பிகள் கொத்தாக வந்திருந்தன. தொழில் தெரிந்தவர்கள், எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று பார்த்து, ஒரு துண்டு டேப்பாவது சுற்றி அடையாளம் வைத்துவிட்டுத்தான் பிரிப்பார்கள். நானே எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பிரித்துப் போட்டார். கம்பிகளின் நிறமோ அழுக்கேறி எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. குத்துமதிப்பாக இணைத்தார். சுவிட்சைப் போட்டதும் புது விளக்கு எரிந்தது. “பாத்தியா?” என்று மார்தட்டிக்கொண்டார். ஆனால் சுவிட்ச் இப்போது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியை வெட்டாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தது. அதாவது, அணைத்தபிறகும் மின்சாரம் கூரை வரைக்கும் வந்து, போக வழி தெரியாமல் காத்துக்கொண்டு நின்றது. “மெயினை நிறுத்திடுங்க” என்று மனைவி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, ஒரு திருகாணியை முடுக்கக் கையை உள்ளே விட்டார். மின்சாரம் போக வழி கிடைத்தது. அவரைத் தூக்கிச் சோபாவில் போட்டது. “ஒண்ணுமில்ல, கால் வழுக்கிடுச்சு” என்று எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

மாலையில், கடை லீவு நாட்களின் வழக்கம்போல, காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் வைத்தார், முகத்தைச் சுளித்தார், தட்டைத் தள்ளினார். புது விளக்கு காதருகில் கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்ததால் மனைவி எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள். அவர் வயிறு எரிந்தது. உள்ளே பொரித்த கோழி, தோலோடு. உருளைக்கிழங்குத் துண்டுகள். சிவப்பு சாஸ். ரோஸ் கிரீம் வைத்த கேக்கில் பாதி, கரைந்தும் கரையாமலும். எல்லாம் ஒரு பழுப்பு நுரைக்குள், வாஷிங்மெஷினில் துணி சுற்றுவது போல, மெதுவாகப் புரண்டுகொண்டிருந்தன. நடுநடுவே பூச்சி இறக்கைகள் மிதந்தன. எழுதவே குமட்டுகிறது. மேலே ஒரு ஓரத்தில், அவள் சமைத்த சோறு இரண்டு வாய் மட்டும், இறங்க இடம் கிடைக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அது என்ன கோழி?” என்று அவள் கேட்டாள்.

“எது? வெளிச்சம் அப்படிக் காட்டுது. வயரிங் கோளாறு.”

“தினமுமா?”

அவர் வயிற்றை இரண்டு கையாலும் மூடிப் பார்த்தார். விரலிடுக்கு வழியாகக் கேக் தெரிந்தது. “கடை மூடுற நேரத்துக்குப் பசிக்குது. வழியில வாசனை இழுக்குது, என்ன பண்ணச் சொல்ற? வயிறு நிறைஞ்சிருக்குன்னு சொன்னா எங்க சாப்ட்டீங்கன்னு கேப்ப. சமையல் சரியில்லன்னு சொன்னா எதுவும் கேக்க மாட்ட.”

சீ! இவ்வளவுதான் விஷயம். வெளியே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததை மறைக்க, ஒருத்தியின் கையையே ஊத்தை என்று நம்பவைத்திருக்கிறான் இந்த மனுஷன். அவளுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது, வாயில் எச்சில் ஊறி நின்றது. அதைத் துப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோறும் காயும் மீனும் தனக்கென்று நிறையப் போட்டுக்கொண்டு, அவர் வயிற்று வெளிச்சத்திலேயே, ஆனால் அந்தப் பக்கம் பார்க்காமல், மென்று சாப்பிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தினாள். மறுபடியும் போட்டுக்கொண்டாள். மீன் சட்டியை வழித்து விரலை நக்கினாள். பிறகு அதே கையோடு தங்கைக்குப் போன் போட்டாள். “நாளைக்கு எப்ப வரணும்டி?” என்றாள். அந்தப் பக்கம் தங்கை ஓவென்று அழுதாள்.

மறுநாள் ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்து கம்பிகளைச் சரியாக இணைத்துவிட்டுப் போனார். “வீட்டு லைன் சரியாயிடுச்சு. இவரை நான் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு எங்கே விளக்கு அணைந்தாலும் அவர் வயிறு எரிந்தது. டாக்டர் தடித்த துணியில் சட்டை தைத்துக்கொள்ளச் சொன்னார், அதுவும் பலிக்கவில்லை. டிப்போக் கடை வளர்ந்து, பக்கத்துக் கடையையும் இடித்துச் சேர்த்துக்கொண்டது. டிரைவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டாவது அக்காவின் மீனுக்கு வந்தார்கள். செருப்புக்கடையை ஒரேயடியாக மூடியபிறகு நானேவுக்குப் போக்கிடம் இல்லை, அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போகிற நாட்களில் அவரைச் சுவரோரமாக ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். சாப்பிடுகிறவர்கள் அவருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுப்பார்கள். வெளிச்சம் மங்கினால் யாராவது அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார்கள். அவள் வந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டுப் போவாள்.